ஐம்பது வெள்ளியில் இரண்டு அப்துல் ரஹ்மான்கள்

உங்களிடம் ஐம்பது வெள்ளித் தாள் ஒன்று இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். சம்பளம் போட்டு நான்கைந்து நாள்தான் ஆகிறது என்றால் நிச்சயம் இருக்கும். மாதக் கடைசி என்றால் பக்கத்து வீட்டில் ஒரு நிமிடம் கடன் கேளுங்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முன்பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர் இருக்கிறாரே, அவர் யார்?

வானொலியில் போட்டி நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு பொக்கிஷம். ரொம்பச் சுலபம் என்று எல்லாரும் அழைப்பார்கள். பாதிக்கு மேல் தவறாகச் சொல்வார்கள். "துங்கு அப்துல் ரஹ்மான், நாட்டோட முதல் பிரதமர்" என்று வரும் பதிலில் சந்தேகத்தின் சாயலே இருக்காது. அதிலும் கெடாவிலிருந்து அழைக்கிறவர்களுக்குக் கூடுதல் உரிமை. "நம்ம அலோர் ஸ்டார் ராஜா வீட்டுப் பிள்ளை தங்கச்சி, எங்களுக்குத் தெரியாதா?" என்று செர்டாங்கிலிருந்து ஓர் ஐயா என்னையே கேட்டிருக்கிறார்.

முன்பக்கத்தில் இருப்பவர் துங்கு இல்லை. அவர் துவாங்கு அப்துல் ரஹ்மான், மலாயாவின் முதல் மாமன்னர். நெகிரி செம்பிலானின் ஆட்சியாளர். துங்கு என்பது அரச குடும்பத்துப் பிள்ளைக்கான பட்டம். துவாங்கு என்பது அரியணையில் இருப்பவருக்கான மரியாதை. எழுத்தில் சிறு வித்தியாசம்தான், ஆனால் ஆள் வேறு, மாநிலம் வேறு, பதவி வேறு.

செர்டாங் ஐயாவை முழுக்கத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. அந்த ஐம்பது வெள்ளியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் செம்பனை மரங்கள். அவற்றோடு ஒரு மனிதர். அவர்தான் நம் துங்கு. நாட்டின் ஐம்பதாவது சுதந்திர ஆண்டான 2007-இல் வெளிவந்த ஐம்பது வெள்ளித் தாளில், சுதந்திரப் பிரகடனத்தின் நினைவாக அவருக்கு இடம் கொடுத்தார்கள். 2012-இல் வந்த புதிய வரிசையிலும் அது தொடர்கிறது. ஆக, ஒரே தாளில் இரண்டு அப்துல் ரஹ்மான்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

இருவருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமல்ல, வாழ்க்கைப் பொருத்தமும் உண்டு. துவாங்கு 1895-இல் ஸ்ரீ மெனாந்தியில் பிறந்தவர். துங்கு 1903-இல் அலோர் ஸ்டாரில். இருவரும் லண்டனில் இன்னர் டெம்பிளில் சட்டம் படித்தார்கள். இருவரும் மாவட்ட அதிகாரிகளாக வேலை பார்த்தார்கள். நம் பக்கத்துக் கூலிமுக்கும் துங்கு மாவட்ட அதிகாரியாக இருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கே இறங்கியபோது, வயதான கெடா சுல்தானைப் பினாங்குக்கு அழைத்துப் போக ஏற்பாடு நடந்தது. மன்னர் மக்களை விட்டுப் போகக் கூடாது என்று தந்தையின் காரையே திருப்பிக் கூலிமுக்குக் கொண்டுவந்தவர் துங்கு.

1957 ஆகஸ்டு 31 அன்று மெர்டேக்கா அரங்கில் "மெர்டேக்கா" என்று ஏழு முறை முழங்கியவர் துங்கு. அன்று நாட்டின் முதல் மாமன்னராகப் பொறுப்பேற்றவர் துவாங்கு. மூன்று ஆண்டுகள்கூட முழுதாக அரியணையில் இல்லை. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி காலமானார்.

அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் அவர் முகம் பணத்தாளில் ஏறியது. பேங்க் நெகாரா தன் முதல் பணத்தாள்களை வெளியிட்டது 1967 ஜூன் மாதம். அன்று அரியணையில் இருந்தவர் திரங்கானு சுல்தான். ஆனாலும் தாளில் அச்சானது மறைந்த முதல் மாமன்னரின் முகம்.

ஏன் அப்படி?

மற்ற நாடுகளைப் பார்த்தால் இதன் அருமை புரியும். பொதுவாக இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மன்னராட்சி வழி. அரியணையில் இருப்பவர் யாரோ அவர் முகம் நாணயத்தில். பிரிட்டனில் எலிசபெத் ராணி மறைந்த பிறகு, 2024 ஜூனில் சார்ல்ஸ் மன்னர் படத்தோடு புதிய நோட்டுகள் வந்தன.

இன்னொன்று அமெரிக்க வழி. அங்கே உயிரோடு இருப்பவர் முகம் பணத்தாளில் வரக் கூடாது. இதற்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காகச் சின்னச் சின்னக் காசுத்தாள்கள் அச்சடித்தார்கள். அச்சுப் பொறுப்பில் இருந்த ஸ்பென்சர் கிளார்க் என்ற அதிகாரி, ஐந்து சென்ட் தாளில் தன் படத்தையே போட்டுவிட்டார். நாடாளுமன்றம் கொதித்தது. 1866-இல் சட்டமே வந்துவிட்டது. இன்று அவர்கள் தாளில் இருக்கும் வாஷிங்டன், ஜெபர்சன், லிங்கன், ஹாமில்டன், ஜாக்சன், கிரான்ட், பிராங்க்ளின் எல்லாரும் எப்போதோ மறைந்தவர்கள். அங்கேயும் நம்மைப் போலக் குழப்பம் உண்டு. எல்லாரும் அதிபர்கள் என்று நினைப்பார்கள். பத்து டாலர் ஹாமில்டனும் நூறு டாலர் பிராங்க்ளினும் அதிபர் பதவியில் இருந்ததே இல்லை.

நம் நாட்டுக்கு இந்த இரண்டுமே அப்படியே பொருந்தாது. இங்கே மன்னர் உண்டு. ஆனால் ஒன்பது மாநில ஆட்சியாளர்களில் ஒருவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்னராகிறார். பிரிட்டனைப் போலச் செய்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பணத்தாள் மாற வேண்டும். முதல்வரை வைத்துவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை. முதல்வர் என்றும் முதல்வர்தான். மன்னரின் முகம் என்ற மரபும் காப்பாற்றப்பட்டது; மறைந்தவருக்கே அந்த இடம் என்பதும் அமைந்துவிட்டது.

இதனால் சில சுவையான காட்சிகளும் நடந்தன. நம் கெடாவின் சுல்தான் அப்துல் ஹாலிம் 1970-இலும் 2011-இலும் என இரண்டு முறை மாமன்னரானார். நாட்டின் வரலாற்றில் அப்படி இரண்டு முறை அமர்ந்தவர் அவர் ஒருவரே. இரண்டு முறையும் பணத்தாளில் இருந்தது நெகிரி செம்பிலான் மன்னரின் முகம்தான். 1994 முதல் 1999 வரை மாமன்னராக இருந்த துவாங்கு ஜாபார், முதல் மாமன்னரின் மகன். அவர் ஆட்சியில் நாடு முழுக்க ஜனங்கள் கைமாற்றியது அவருடைய அப்பாவின் படத்தை.

மாமன்னர்கள் எல்லாரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு தாள் இருக்கிறது. 2017-இல் வெளியிட்ட 600 ரிங்கிட் நினைவுத்தாளில் பதினைந்து மாமன்னர்களும் இருக்கிறார்கள். 37 சென்டிமீட்டர் நீளம், 22 சென்டிமீட்டர் அகலம். பணப்பையில் வைக்க முடியாது. சட்டம் போட்டுச் சுவரில்தான் மாட்ட வேண்டும்.

சரி, இந்த முகங்களுக்கு முன்னால் நம் தோட்டத்து ஜனங்கள் கையில் யார் யார் முகம் இருந்தது?

நாம் பணத்தை "வெள்ளி" என்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், வெள்ளிக் கிழமையா என்று கேலி செய்வார்கள். அது உண்மையிலேயே வெள்ளியாக இருந்த காலத்தின் சொல். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளி டாலர்கள் இந்த வட்டாரத்தில் ஓடின. அவற்றின் ஓரம் பல் பல்லாக இருக்கும். அந்தப் பல் ஓரத்துக்கு மலாயில் சொன்ன பெயர்தான் ரிங்கிட். 1903-இல் வந்த நீரிணைக் குடியேற்ற வெள்ளி டாலரில் எட்வர்ட் மன்னரின் தலை இருந்தது. ரிங்கிட், சென் என்ற பெயர்கள் அதிகாரப்பூர்வமாக ஆனது 1975-இல். நம் வாயில் மட்டும் வெள்ளியும் காசும் அப்படியே தங்கிவிட்டன.

பிறகு ஜார்ஜ் மன்னர் படம் போட்ட தாள் வந்தது. அடுத்து ஜப்பான்காரன் காலம். அவன் அச்சடித்த தாளில் எந்த முகமும் இல்லை. பத்து வெள்ளியில் வாழைமரம். அதனால்தான் பெரியவர்கள் அதை வாழைமரக் காசு என்றார்கள். பல தாள்களில் வரிசை எண்கூடக் கிடையாது. மலாயாவுக்கு எம் என்ற எழுத்தும் கூட ஓர் எழுத்தும் மட்டும் இருக்கும். எத்தனை அச்சடித்தோம் என்ற கணக்கே வேண்டாம் என்றால் அப்புறம் அதற்கு என்ன மதிப்பு? விலை ஏறிக்கொண்டே போனது. 1945-இல் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததும் அது செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். மூன்றரை ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த கூலி ஒரே நாளில் விளையாட்டுச் சாமான் ஆனது. சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளிலும் அந்தத் தாள்கள்தான் கிடந்தன.

அதன் பிறகு மீண்டும் ஜார்ஜ் மன்னர். 1953 முதல் எலிசபெத் ராணி. சுதந்திரம் வந்த பிறகும் ராணி கொஞ்ச காலம் நம்மோடுதான் இருந்தார். 1959-இல் வந்த ஒரு வெள்ளித் தாளில் பாய்மரப் படகும், 1961-இல் வந்த பத்து வெள்ளியில் எருமை பூட்டி உழும் விவசாயியும் இடம் பிடித்தார்கள். ஆனால் அதையெல்லாம் வெளியிட்டது பழைய நாணய ஆணையர் வாரியம்தான். அதன் சேமிப்பு லண்டனில், பவுனில் இருந்தது. இந்த விவரத்தை நினைவில் வையுங்கள். இனி வரப்போவது இதைப் பொறுத்தது.

1967 ஜூனில் மாமன்னர் முகத்தோடு புதிய தாள்கள் வந்தன. பழைய தாளும் புதிய தாளும் சேர்ந்தே புழங்கின. ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி; வித்தியாசம் இல்லை. யாருக்கும் அவசரமும் இல்லை.

நவம்பர் 18-ஆம் தேதி பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. பழைய தாள் பவுனோடு கட்டப்பட்டது. அதனால் அதுவும் விழுந்தது. புதிய ரிங்கிட் பவுனோடு சேர்ந்து விழவில்லை. ஒரே இரவில் பழைய ஒரு வெள்ளிக்கு 85 காசு என்று ஆனது. பத்து வெள்ளிக்கு எட்டரை. நூறு வெள்ளி வைத்திருந்தால் பதினைந்து வெள்ளி காணாமல் போனது.

யாரிடம் பழைய தாள் அதிகம் இருந்திருக்கும் என்று யோசியுங்கள். பேங்கில் கணக்கு வைத்திருந்தவர்களிடம் அல்ல. தகர டப்பாவில், தலையணை உறையில், சாமி படத்துக்குப் பின்னால் சேர்த்து வைத்திருந்தவர்களிடம். கம்பத்தில், மார்க்கெட்டில், தோட்டத்து லயத்தில்.

என் பாட்டி செர்டாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. பணத்தைப் படம் பார்த்துத்தான் எண்ணுவார். அவருக்கு ராணி நோட்டு என்றால் பழசு, ராஜா நோட்டு என்றால் புதுசு. அந்த நவம்பரைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "ராணி தலை போட்டது மட்டும் எப்படிடி கொறையும்? வேர்வை ஒண்ணுதானே?" என்றார். பவுன், சேமிப்பு, மதிப்புக் குறைப்பு என்று நான் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். பொருளாதாரத்தில் அதற்குப் பதில் உண்டு. அவர் கேட்டது பொருளாதாரம் இல்லை.

பினாங்கில் கடையடைப்புக்கு அழைப்பு வந்தது. நவம்பர் 24 அன்று தொடங்கிய அந்த ஹர்த்தால் கலவரமாக மாறியது. ஊரடங்கு போட வேண்டியதாயிற்று. கடல் தாண்டி இந்தப் பக்கமும் பரவியது. உயிர்களும் போயின. தாளில் யார் முகம் என்ற கேள்வி பொது அறிவுப் போட்டிக்கு மட்டுமானது அல்ல என்பதற்கு நம் வட்டாரத்திலேயே இருக்கும் சாட்சி இது.

இப்போது அந்த ராணி நோட்டைப் பற்றி இன்னொரு கதை. இது விழுந்த கதை இல்லை, எழுந்த கதை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். தோட்டம் போனால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கோவிலும் அந்தத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும். எல்லாமே ஒரே கையெழுத்தில் போய்விடும்.

அப்போது துங்குவின் அமைச்சரவையில் இருந்த துன் வீ.தி.சம்பந்தன், தோட்டம் தோட்டமாகப் போனார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கணக்கு எளிமையானது. மாதம் பத்து வெள்ளி. நூறு வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. பால் வெட்டுகிறவருக்கும் களை எடுக்கிறவருக்கும் பத்து வெள்ளி சின்னத் தொகை இல்லை. அரிசிக்கும் புகையிலைக்கும் தீபாவளித் துணிக்கும் நடுவில் எடுத்து வைக்க வேண்டிய பத்து வெள்ளி. ஆனாலும் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்தார்கள்.

அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் கெடாவில். புக்கிட் சிடிம் தோட்டம்.

1960-இல் அந்தப் பத்து வெள்ளித் தாளில் இருந்தது எலிசபெத் ராணியின் முகம். ராணியின் நாட்டுக்காரர்கள் திறந்த தோட்டங்கள் கைமாறிய காலத்தில், ராணி தலை போட்ட நோட்டையே எண்ணிக் கொடுத்து, தொழிலாளர்கள் ஒரு தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். தாளில் யார் முகம் இருந்தாலும் அதை எண்ணுகிற விரல் யாருடையது என்பதும் ஒரு வரலாறுதான்.

இங்கேதான் இளைய வாசகர்கள் சிலர் கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். "நம்மவங்க முகம் ஏன் பணத்தில் இல்ல?"

நியாயமான கேள்வி. உலகத்தில் அப்படி இடம் கிடைத்த தமிழர்களும் உண்டு. மொரிஷியஸ் நாட்டின் நூறு ரூபாய்த் தாளில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன். கரும்புத் தோட்டங்களின் நாடு அது. அங்கே வழக்கறிஞராகவும் அரசியல் தலைவராகவும் இருந்து 1958-இல் மறைந்த தமிழர் அவர். 1998-இல் வந்த வரிசையில் சீனர், முஸ்லிம், கிரியோல், இந்து என்று பல சமூகத் தலைவர்களுக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். அந்த நாட்டுப் பணத்தில் தமிழ் எழுத்தும் உண்டு.

அந்த 1998 வரிசை சண்டையோடுதான் பிறந்தது. அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ் இருந்தது. புதிய தாளில் தமிழ் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. அங்குள்ள தமிழர்கள் விடவில்லை. போராட்டம் நடந்தது. அச்சடித்த தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி தமிழை மேலே வைத்து மறுபடியும் அச்சடித்தார்கள். முகம் கிடைத்த பிறகும் எழுத்துக்காக நின்றார்கள் பாருங்கள்.

சிங்கப்பூர்த் தாளில் தமிழில் நாட்டின் பெயர் இருக்கிறது. அதில் இருக்கும் முகம் முதல் அதிபர் யூசோப் இஷாக். அவர் பிறந்தது நம் பக்கத்துப் பேராக்கில். இந்திய ரூபாய்த் தாளில் காந்தி. அந்த வரிசை தொடங்கியது 1996-இல்தான். அதற்கு முன் பெரும்பாலும் அசோகரின் சிங்கங்கள். அதன் பின்பக்கத்து மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. நாணயங்களில் தமிழர்கள் நிறையப் பேர். 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர் நாணயம் வந்தது. 2009-இல் அறிஞர் அண்ணாவுக்கு ஐந்து ரூபாய் நாணயம், அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு. 2024-இல் கலைஞருக்கு நூறு ரூபாய் நாணயம்.

நம் நாட்டின் கணக்கு வேறு. இங்கே அன்றாடத் தாள்களின் முன்பக்கம் ஒருவருக்குத்தான். மலாய்க்காரத் தலைவர்களிலும் துங்கு தவிர வேறு பிரதமர் யாரும் அந்தத் தாள்களில் ஏறவில்லை. பின்பக்கத்தில் வாவ் பட்டமும் இருவாட்சியும் ரப்லேசியாவும் கடலாமையும் கினபாலு மலையும் இருக்கின்றன. ஆகவே நம்மை மட்டும் விலக்கினார்கள் என்று இதை வைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. வாதாட வேண்டிய இடங்கள் வேறு நிறைய இருக்கின்றன.

ஆனாலும் அந்த ஐம்பது வெள்ளியின் பின்பக்கத்தை இன்னொரு முறை பார்க்கச் சொல்வேன். செம்பனை மரம். அது தானாக முளைத்ததா? ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் குழி தோண்டியது யார், கன்று சுமந்தது யார், தலைக்கு மேல் கத்தியை நீட்டிக் குலை அறுத்தது யார் என்று செர்டாங்கிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம் முகம் தாளில் இல்லை. நம் வேலை இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்க பேங்க் நெகாராவின் அனுமதி தேவையில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மொரிஷியஸ் தமிழர்களுக்குச் சீனிவாசன் யார் என்று தெரிந்திருந்தது. அதனால் கேட்டார்கள், கிடைத்தது, காத்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் துன் சம்பந்தன் யார் என்று கேட்டுப் பாருங்கள். "பிரிக்பீல்ட்ஸ்ல ரோடு" என்று பதில் வரும். மாதம் பத்து வெள்ளி கொடுத்து அவர் பின்னால் நின்ற தாத்தா பாட்டிகளின் பெயர் பேரப்பிள்ளைகளுக்கே முழுதாகத் தெரியாது. முதல் மாமன்னரையும் முதல் பிரதமரையும் மாற்றிச் சொன்னால் திருத்த ஆள் இருக்கிறது. ஒவ்வொரு பாடநூலிலும் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களை மறந்துவிட்டால் திருத்த யார் இருக்கிறார்கள்?

தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தாமான்களாகிவிட்டன. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய டிரங்குப் பெட்டிதான். அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். உள்ளே கூட்டுறவுச் சங்கத்துப் பங்குப் பத்திரம் இருக்கலாம். பத்து வெள்ளி கட்டிய ரசீது இருக்கலாம். கிராணி கையெழுத்துப் போட்ட சம்பளச் சீட்டு இருக்கலாம். 85 காசாகிப் போன ராணி நோட்டோ, செல்லாமல் போன வாழைமர நோட்டோ ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு கிடக்கலாம். பங்குப் பத்திரம் கிடைத்தால் வாரிசு என்ற முறையில் சங்கத்தில் விசாரியுங்கள். மற்றவற்றை விலை கேட்க நாணயக் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் தொலைபேசியில் படம் எடுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பின்னால் எழுதி வையுங்கள். வீட்டில் எண்பது வயதுக்காரர் யாராவது இருந்தால் அவர் குரலையும் பதிவு செய்யுங்கள். குரலோடு வேலை செய்கிறவள் என்பதால் சொல்கிறேன், படத்தைவிடக் குரல் சீக்கிரம் போய்விடும்.

அது முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு போட்டி நடத்துங்கள். முதல் கேள்வி, தாளின் முன்னால் இருப்பவர் யார். இரண்டாவது, பின்னால் இருப்பவர் யார். மூன்றாவது கேள்வி, அந்த மரத்தை நட்டது யார். மூன்றாவதற்கு உங்கள் வீட்டுப் பெயர் ஒன்று பதிலாக வந்தால், பரிசாக அந்த ஐம்பது வெள்ளியையே கொடுத்துவிடலாம்.